எஸ்எஸ்டியை மாற்றாதீர்கள், சார்ஜரின் முதுகை வாசியுங்கள்

கேள்வி: சம்மாந்துறையில் எங்கள் அரிசி ஆலைக் கமராப் பதிவுகளை, ராஸ்பெரி பை 5 என்ற சின்னக் கணினிப் பலகையில் (போர்ட்) யூஎஸ்பி எஸ்எஸ்டி பூட்டிச் சேமிக்கிறேன். பதிவு ஏறும்போதே எஸ்எஸ்டி காணாமல் போகிறது. 65 வாட் போன் சார்ஜர்தான் பாவிக்கிறேன். கடையில் ‘டிரைவர் (எஸ்எஸ்டியை இயக்கும் மென்பொருள்) பிழை, எஸ்எஸ்டியை மாற்றுங்கள்’ என்கிறார்கள். ஒன்று மாற்றியும் அதே கதைதான்.

பதில்: தம்பி, மாற்றியதற்குக் கொடுத்த காசு போனது போனதுதான். இன்னொன்று வாங்காதீர்கள்.

அந்த 65 வாட் 20 வோல்ற்றில்தான் கிடைக்கும். பை 5 கேட்பதோ 5 வோல்ற்றில் 5 அம்பியர். போன் சார்ஜர்கள் பெரும்பாலும் 5 வோல்ற்றில் 3 அம்பியருக்கு மேல் தராது. போர்ட் சார்ஜரிடம் எவ்வளவு தருவாய் என்று கேட்கும்; 3 அம்பியர் என்று பதில் வந்ததும், நான்கு யூஎஸ்பிக்கும் சேர்த்து 600 மில்லிஅம்பியர்தான் என்று வெட்டிவிடும். 5 அம்பியர் கிடைத்திருந்தால் அது 1.6 அம்பியர். சும்மா கிடக்கும் எஸ்எஸ்டி 600க்குள் அடங்கும், எழுதத் தொடங்கினால் பெரும்பாலும் அடங்காது.

டிரைவர் கரண்டை அளப்பதில்லை. எஸ்எஸ்டி தனக்கு இவ்வளவு வேண்டும் என்று சொல்லும் எண்ணை மட்டுமே வாசிக்கும். ஆகவே டீமெசெக் (dmesg) கட்டளையில் வரும் கணினிச் செய்திகளைப் பாருங்கள். ‘ஓவர் கரண்ட்’ என்றிருந்தால் நான் சொன்ன வெட்டு. ‘அண்டர்வோல்ற்றேஜ்’ என்றிருந்தால் சார்ஜரோ கேபிளோ தாங்கவில்லை, சுமார் 4.63 வோல்ற்றுக்குக் கீழே இறங்கும்போது அது வரும். பதிவு ஏறும் நேரத்தில் போர்ட்டின் பின் வரிசையில் 2ஆம் (5 வோல்ற்), 6ஆம் (கிரவுண்ட்) பின்களில் மல்ற்றிமீற்றரை வைத்தும் பார்க்கலாம். முனை வழுக்கிப் பக்கத்துப் பின்னில் பட்டால் போர்ட் எரிந்துபோகலாம், கவனம். 

இரண்டு செய்தியும் இல்லாவிட்டால்தான் எஸ்எஸ்டிப் பெட்டியின் சிப், டிரைவர் என்று போக வேண்டும்.

இப்போது கடைக்காரரின் வித்தை. கன்பிக் (அமைப்பு) கோப்பில் ‘யூஎஸ்பி மாக்ஸ் கரண்ட் எனேபிள்’ என்பதை 1 ஆக்கிவிட்டு றிப்பேர் காசு வாங்குவார்கள். வெட்டு நீங்கும், சார்ஜர் வளராது. கமராக்கள் எல்லாம் ஒன்றாக ஓடும் நாளில் பழைய வியாதி திரும்பும். அப்புறம் ‘எஸ்எஸ்டி பழுது’ என்று அடுத்ததையும் உங்கள் தலையில் கட்டுவார்கள். ராஸ்பெரி பை கம்பனியின் 27 வாட் அடாப்டரை வாங்குங்கள். அது 5.1 வோல்ற், 5 அம்பியர். கேபிளும் அதிலேயே பூட்டியிருக்கும். வேறு அடாப்டர் என்றால் முதுகில் 5 வோல்ற்றுக்கு நேரே எத்தனை அம்பியர் என்று வாசித்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

ஆனால் வயலிலோ வாவிக்கரையிலோ சோலார் பற்றரியில் ஓட்டுகிறவர்களுக்குக் கதை வேறு. பற்றரியிலிருந்து 5 வோல்ற்றுக்கு இறக்கித் தரும் சின்னக் கன்வேட்டருக்குப் பேசவே தெரியாது. போர்ட் கேட்கும், பதில் வராது, 600தான். கன்வேட்டர் உண்மையிலேயே 5 அம்பியர் தாங்கும் என்றால் ஈப்ரொம் (போர்ட் தொடங்கும்போது வாசிக்கும் சிப்) அமைப்பில் ‘பிஎஸ்யூ மாக்ஸ் கரண்ட்’ (PSU_MAX_CURRENT) 5000 என்று எழுதுங்கள். பிறகு போர்ட் கேட்காது, நீங்கள் எழுதியதை அப்படியே நம்பிவிடும். அதனால் கன்வேட்டரில் அச்சடித்த எண்ணைப் பார்த்து எழுத வேண்டாம். முழுச் சுமையில் அரை மணி நேரம் ஓடவிட்டு, வோல்ற் இறங்குகிறதா, கன்வேட்டர் கை வைக்க முடியாமல் சுடுகிறதா என்று பார்த்த பிறகு எழுதுங்கள்.