கடை திறந்தாயிற்று, பராமரிப்பு எப்படி? வாசகர் கேள்வி பதில்

பினாங்கில் அண்மையில் சாப்பாட்டுக் கடை தொடங்கிய வாசகர்களின் கேள்விகள் இந்த வாரம். இடம் கருதிச் சிலவற்றைச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: வாழை இலைச் சாப்பாட்டுக் கடை திறந்து நான்கு மாதம் ஆகிறது. புதிதாக வாங்கிய இரண்டு கதவு சில்லர் பகல் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கிறது, குளிர்ச்சிதான் இல்லை. கேஸ் குறைந்துவிட்டது என்று சொல்லி ஒருவர் ஏற்றிக் கொடுத்தார். மூன்று வாரத்தில் பழையபடி ஆகிவிட்டது. வேறு சில்லர் வாங்கிவிடலாமா? (வாசகி, லெபோ பசார்)

பதில்: வேண்டாம் அம்மா, பொறுங்கள். சில்லரில் உள்ள கேஸ், வண்டிக்கு ஊற்றும் பெட்ரோல் போல எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். குறைந்தது என்றால் எங்கோ கசிகிறது. கசிவைத் தேடி அடைக்காமல் கேஸ் மட்டும் ஏற்றுகிறவருக்குக் கொடுக்கும் பணம் வீண். அதைவிட, உங்கள் சில்லரில் கேஸ் நிஜமாகவே குறைந்ததா என்பதே சந்தேகம். அவரை மறுபடி கூப்பிடும் முன் நீங்களே மூன்று இடங்களைப் பாருங்கள்.

முதலில் கண்டென்சர். அடியிலோ தலைப்பக்கமோ கிரில்லுக்குப் பின்னால் மெல்லிய அலுமினியத் தகடுகள் அடுக்கடுக்காக இருக்கும். உள்ளேயிருந்து எடுத்த சூட்டை வெளியே தள்ளுவது அதன் வேலை. தாளிக்கிற புகையும் மாவுத் தூசியும் சேர்ந்து அங்கே பிசுபிசுவென்று அப்பிக்கொண்டால் சூடு வெளியேறாது, கம்ப்ரசர் ஓய்வில்லாமல் ஓடும். பிளக்கைக் கழற்றிவிட்டு, பெயிண்ட் அடிக்கிற மென்மையான பிரஷால் தகடு போகும் திசையிலேயே தேய்த்து, வேக்கூமால் உறிஞ்சி எடுங்கள். குறுக்கே தேய்த்தால் தகடு மடங்கிக் காற்று புகாது. சாப்பாட்டுக் கடைக்கு இது மாதம் ஒரு தடவை வேலை. சில்லருக்குப் பின்னால் குறைந்தது 10 செ.மீ. இடைவெளி விடுங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தால் இன்றைக்கே நகர்த்துங்கள்.

அடுத்தது கதவு ரப்பர். ஒரு தாளை இடையில் வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்தால் அந்த இடத்தில் குளிர் கசிகிறது. நாலு பக்கமும் இப்படிச் சோதியுங்கள். பல சமயம் ரப்பர் மடிப்பில் காய்ந்த குழம்புதான் காரணமாக இருக்கும். வெந்நீரும் சோப்பும் போட்டுத் துடைத்தாலே சரியாகிவிடும். இறுகி வெடித்திருந்தால் ரப்பரை மட்டும் மாற்றலாம்.

மூன்றாவது, நீங்கள் உள்ளே வைக்கும் பொருள். உங்கள் கதையில் பெரிய குற்றவாளி இதுதான் என்று நினைக்கிறோம். மதிய வியாபாரம் முடிந்ததும் மிச்சமான சாம்பாரை ஆவி பறக்க அண்டாவோடு உள்ளே தள்ளுகிறார்களா? அந்த ஆவி, பின்னால் இருக்கும் குளிர்க் குழாயில் போய்ப் பனியாக உறையும். பனி கனத்தால் விசிறி ஓடியும் காற்று வராது. போதாக்குறைக்கு, அண்டா நடுவில் சாம்பார் மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருந்து கெட்டுப்போகும். 5 செ.மீ. ஆழத்துக்கு மேல் போகாமல் தட்டையான டிரேக்களில் பிரித்து ஊற்றி, ஐஸ் தண்ணீரில் உட்கார வைத்துக் கிளறுங்கள். 2 மணி நேரத்துக்குள் 21 டிகிரிக்கும், அடுத்த 4 மணி நேரத்துக்குள் 5 டிகிரிக்கும் இறங்க வேண்டும்.

இப்போது பனி பிடித்திருந்தால், பொருளையெல்லாம் வேறு பெட்டிக்கு மாற்றிவிட்டு ராத்திரி முழுக்க சுவிட்சை அணைத்துக் கதவைத் திறந்து வையுங்கள். கத்தியால் குத்தி எடுக்கவே கூடாது. அலுமினியக் குழாய் ஓட்டையானால் அப்புறம் உண்மையாகவே கேஸ் போய்விடும். பனி உருகிய பிறகு நன்றாகக் குளிர்ந்து, ஆவி போகும் பொருள் எதையும் வைக்காமலே சில நாளில் திரும்பப் பனி மூடினால், பனியைத் தானாக உருக்கிவிடும் டீஃப்ராஸ்ட் டைமரையோ ஹீட்டரையோ பார்க்கச் சொல்லுங்கள். குழாயின் ஒரு மூலையில் மட்டும் பனி, மற்ற இடம் காய்ந்து கிடக்கிறது என்றால்தான் கேஸ் குறைவு என்று சந்தேகப்பட வேண்டும்.

கதவில் தெரிகிற எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். ஒரு கிளாஸ் தண்ணீரில் தெர்மாமீட்டரை நிறுத்தி நடுத்தட்டில் வைத்து, காலையில் கதவைத் திறந்ததும் பாருங்கள். 4 டிகிரிக்குக் கீழே இருந்தால் நல்லது.

கேள்வி: கடையில் இஎல்சிபி (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) அடிக்கடி விழுகிறது. வாயர்மேன் வரும்போது மட்டும் ஒழுங்காக இருக்கிறது! (வாசகர், பட்டர்வொர்த்)

பதில்: விழுகிற நேரத்தை ஒரு தாளில் குறித்து அந்தச் சுவிட்ச் இருக்கும் டிபி பெட்டியிலேயே ஒட்டி வையுங்கள். பாதி விடை அதிலேயே கிடைக்கும். ஆறு எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, கணக்காக விழுந்தால் சில்லரின் டீஃப்ராஸ்ட் ஹீட்டரில் ஈரம் இறங்கியிருக்கலாம். கடை கழுவியதும் விழுந்தால் தரையோரப் பிளக்கையும் கிரைண்டர் மோட்டாரையும் பாருங்கள். மோட்டார் பக்கம் ஹோஸ் தண்ணீர் அடிப்பது பல கடைகளில் பழக்கமாகிவிட்டது, அதை நிறுத்துங்கள். மழை பெய்தால் மட்டும் என்றால் வெளி சைன்போர்டு. நேரம் பிடிபடவில்லையா? எல்லாப் பிளக்கையும் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாகச் செருகிக்கொண்டே வாருங்கள்.

தொல்லை தாங்காமல் இஎல்சிபியை நேர் இணைப்புப் போட்டுத் தாண்டிவிடச் சொல்கிறவர்கள் உண்டு. ஈரத் தரையில் நின்று வேலை செய்யும் பிள்ளைகளின் உயிர் அந்தச் சின்னப் பொத்தானில் இருக்கிறது. மாதம் ஒரு தடவை அதில் உள்ள டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள், விழ வேண்டும். விழவில்லை என்றால் சுருஹான்ஜாயா தெனாகாவில் (மலேசிய எரிசக்தி ஆணையம்) பதிவு பெற்ற வாயர்மேனை உடனே அழையுங்கள்.

கேள்வி: பழைய கடைவீட்டை வாடகைக்கு எடுத்து, சிமெண்ட் பூசிப் பெயிண்டும் அடித்துத்தான் திறந்தோம். ஆறு மாதத்தில் சுவர் இடுப்பளவுக்கு உப்பிப் பொடியாக உதிர்கிறது. வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடித்தால் நிற்குமா? (வாசகர், லெபோ குயின் அருகில்)

பதில்: நிற்காது ஐயா. இன்னும் மோசமாகும். இரண்டாம் உலகப் போருக்கு முந்திய கடைவீடுகள் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் வைத்துக் கட்டியவை. அடித்தளத்தில் ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு பெரும்பாலும் இருக்காது. மண்ணிலிருந்து ஏறும் ஈரம், சுண்ணாம்புப் பூச்சு வழியாக ஆவியாகி வெளியேறிக்கொண்டே இருக்கும். சிமெண்டும் பெயிண்டும் அந்த வழியை அடைத்துவிடுகின்றன. ஈரம் வெளியேற இடம் தேடி மேலே ஏறும். அதோடு வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, பூச்சைத் தள்ளி உடைக்கும். நீங்கள் பார்க்கிற வெள்ளைப் பொடி அந்த உப்புதான்.

பூசும் முன் தண்ணீர் எங்கிருந்தெல்லாம் வருகிறது என்று பாருங்கள். ஏர்கான் தண்ணீர்க் குழாய் சுவரோரம் சொட்டுகிறதா, பின்பக்கக் கூரைத் தகரக் கால்வாய் ஓட்டையா, கழுவுதொட்டிக் குழாய் சுவருக்குள் கசிகிறதா? அதைச் சரி செய்யாமல் எதைப் பூசினாலும் உதிரும்.

பிறகு சிமெண்ட் பூச்சை, ஈரக் கோட்டுக்கு மேலும் 30 முதல் 50 செ.மீ. வரை கொத்தி எடுங்கள். உப்பைக் காய்ந்த பிரஷால் தட்டிக் கூட்டி வெளியே கொட்டுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் கரைந்து திரும்பச் சுவருக்குள்ளேயே போகும். சில வாரமாவது, முடிந்தால் சில மாதம், சுவரைத் திறந்து காய விடுங்கள். வாடகை கொடுத்துக்கொண்டு காத்திருப்பது கஷ்டம்தான். ஒரு பக்கச் சுவரை முடித்துவிட்டு மறுபக்கம் போகலாம். பூச்சுக்கு ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, உப்பில்லாத மணல் மூன்று பங்கு. கெட்டியாகட்டும் என்று மேஸ்திரி ஒரு கை சிமெண்ட் சேர்க்கப் பார்ப்பார், விடாதீர்கள். மேலே சுண்ணாம்பு வெள்ளையைப் பால் பதத்தில் கரைத்து, சுவரை லேசாக நனைத்து நனைத்து மூன்று நான்கு தடவை மெல்லியதாக அடியுங்கள். சுண்ணாம்பு கண்ணைச் சுட்டுவிடும், கண்ணாடியும் கையுறையும் கட்டாயம்.

சமையலறைச் சுவர் கழுவும்படி இருக்க வேண்டும் என்பதால் ஓடு பதிக்கத் தோன்றும். அதுவும் ஈரத்தை அடைக்கும். சுவரிலிருந்து 3 செ.மீ. தள்ளி, கழற்றி மாட்டக்கூடிய ஸ்டெயின்லெஸ் தகடு போடலாம். இடுக்கில் கரப்பான் சேரும் என்பதால் அவ்வப்போது கழற்றித் துடைக்க வேண்டும்.

இன்னொன்று: ஜார்ஜ்டவுன் 2008-ல் மலாக்காவோடு யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. உங்கள் தெரு அந்த எல்லைக்குள் வருகிறது. முகப்பையோ கூரையையோ சுவரையோ தொடும் முன் வீட்டுக்காரரிடமும் பினாங்கு மாநகர் மன்றத்திடமும் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: கிரீஸ் டிராப்பை (கழிவுநீரில் வரும் கொழுப்பைப் பிடித்து வைக்கும் தொட்டி) கழுவிய மறுநாளே கடை நாறுகிறது. ஏன்? (வாசகி, ஜெலுத்தோங்)

பதில்: கழுவிவிட்டு வெறுமையாக மூடியிருப்பார்கள். உள்ளே நிற்கும் தண்ணீர்தான் சாக்கடை வாடையைத் தடுக்கிறது. கழுவி முடித்ததும் வழியும் மட்டத்துக்குச் சுத்தத் தண்ணீர் நிரப்பிவிட்டு மூடுங்கள். மூடி ரப்பரும் கிழியாமல் இருக்கட்டும். கூடையில் சேரும் சோற்றுப் பருக்கையை அன்றன்றைக்குக் கொட்ட வேண்டும். மேலே மிதக்கும் கொழுப்பும் அடியில் படியும் கசடும் சேர்ந்து ஆழத்தில் கால் பங்கு வந்துவிட்டால் முழுசாகக் கழுவ வேண்டும். கொதிநீர் ஊற்றி உருக்கி விடுவது தப்பு. அது உங்கள் தொட்டியைத் தாண்டி, தெருக் குழாயில் போய் உறையும்.

கேள்வி: கேஸ் டியூபை எப்போது மாற்றுவது? (வாசகர், ஆயர் ஈத்தாம்)

பதில்: டியூபை 2 ஆண்டில், ரெகுலேட்டரை 5 ஆண்டில் மாற்றிவிடுங்கள். வெடிப்போ பிசுபிசுப்போ தெரிந்தால் அதற்கு முன்பே. வாங்கும்போது சிரிம் (மலேசியத் தரச் சான்று) முத்திரை பாருங்கள். சிலிண்டர் மாற்றும் ஒவ்வொரு தடவையும் இணைப்பில் சோப்பு நுரை தடவி, குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். அதனால் சிலிண்டரைச் சாக்கடை வாய்க்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். வாடை வந்தால் வால்வை மூடிக் கதவைத் திறங்கள். எக்ஸாஸ்ட் விசிறி உட்பட எந்தச் சுவிட்சையும் தொடக்கூடாது.