‘சொன்னா செய்வேனே’ – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

எனக்கு வயது 36. ஈரோட்டில் ஒரு தனியார் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். எண்பது பேர் வேலை செய்யும் இடம். பையனுக்கு எட்டு வயது, பாப்பாவுக்கு மூன்று. மாமியார் எங்களோடு இருக்கிறார்; அவருக்குச் சர்க்கரை, முழங்கால் வலி. கணவர் நல்லவர்தான். எதைச் சொன்னாலும் செய்வார். ஆனாலும் கண் விழிக்கும்போதே களைப்பாக இருக்கிறது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. போன வாரம் ஸ்கூலில் மஞ்சள் சட்டை போட்டு வரச் சொன்ன நாளை மறந்துவிட்டேன். பையன் ஒருத்தன் மட்டும் யூனிஃபார்மில் நின்றிருக்கிறான். ஆபீஸ் பாத்ரூமில் போய் அழுதேன். எங்கம்மா நாலு பிள்ளை வளர்த்து, மாடும் வைத்திருந்தார். எனக்கு மட்டும் ஏன் முடியவில்லை? வேலையை விட்டுவிடலாமா?

பெயர் வெளியிட வேண்டாம்.

எஸ்.

அன்புள்ள எஸ்,

முதலில் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். என் கண் அங்கேதான் நின்றது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே போனாலே அந்தக் கணக்கில் வந்துவிடும். கூடவே தைராய்டு, பி12, சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். மாதவிடாயில் ரத்தம் அதிகம் போகிறதென்றால் டாக்டரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள். மாமியாரைக் கூட்டிப்போகும் அதே ஆஸ்பத்திரியில் உங்களுக்கும் ஒரு சீட்டுப் போட எவ்வளவு நேரம் ஆகிவிடும்? நம் ஊரில் பெண்களின் களைப்புக்கு யோகா சொல்கிறவர்கள் ஏராளம். ரத்தம் எடுத்துப் பார் என்கிறவர்கள் குறைவு.

அப்புறம் உங்கள் அம்மா. நாலு பிள்ளையும் மாடும் உண்மைதான். ஆனால் அவருக்கு மாதாமாதம் ஜிஎஸ்டி தாக்கல் கிடையாது. ராத்திரி பத்து மணிக்கு ‘நாளைக்கு மஞ்சள் சட்டை’ என்று செய்தி போடும் வாட்ஸ்அப் குழுவும் கிடையாது. அவருக்கு நிஜமாகவே முடிந்ததா என்று ஒருநாள் உட்காரவைத்துக் கேட்டுப் பாருங்கள். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

சரி, கணவருக்கு வருகிறேன். சொன்னால் செய்வார் என்கிறீர்கள். கட்டட வேலையில் சொன்னதைச் செய்கிறவர் சித்தாள். மேஸ்திரி நீங்கள். சித்தாளுக்குச் சாயங்காலம் வேலை முடிந்துவிடும். மேஸ்திரிக்குத் தூக்கத்திலும் சிமெண்ட் மூட்டைக் கணக்கு ஓடும். இட்லி மாவு வியாழன்வரை வருமா, சிலிண்டர் எப்போது போட்டோம், மாமியாரின் மாத்திரை அட்டையில் இன்னும் எத்தனை மிச்சம், பாப்பாவின் ஷூ கடிக்கிறதா. கூட்டிப் பெருக்கிக்கொண்டிருக்கும்போதும், ஆபீஸில் வவுச்சர் சரிபார்க்கும்போதும் இதெல்லாம் உங்கள் தலைக்குள்தான் ஓடிக்கொண்டிருக்கும். மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டு ஆய்வில், வீட்டு வேலை செய்கிறவர்களில் பெண்கள் ஒரு நாளைக்குச் செலவிடுவது 289 நிமிடம், ஆண்கள் 88. அது கைவேலைக் கணக்கு. ஞாபகம் வைத்துக்கொண்டே இருப்பதை எந்த நிமிடத்தில் எழுதுவது?

எனக்குத் தெரிந்த ஒரு பெண்மணி நாலு வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறார். அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் அவர் பிள்ளைகளின் பள்ளிக்கும் வந்தபோது, “நேரம் மிச்சம்கிறது இருக்கட்டும்மா, நாளைக்கு என்ன பண்றதுன்னு ராத்திரி யோசிக்க வேணாம் பாருங்க” என்றார். அவருக்கு யாரும் ஒத்தாசை செய்யவில்லை. ஒரு வேளைச் சாப்பாடு என்கிற கவலையையே முழுதாக வாங்கிக்கொண்டார்கள்.

உங்கள் கணவரிடமும் அப்படியே கொடுங்கள். பையனின் ஸ்கூல் இனி அவருடையது: வாட்ஸ்அப் குழுவில் அவர் நம்பர், டைரியில் அவர் கையெழுத்து, ஃபீஸ், மஞ்சள் சட்டை, பிடிஏ மீட்டிங் எல்லாம். நீங்கள் அந்தக் குழுவிலிருந்து வெளியே வந்துவிடுங்கள். மாமியாரின் மாத்திரையும் அவருடையது; அவர் அம்மாதானே. முதல் மாதம் சொதப்புவார். பையன் இன்னொரு தடவை யூனிஃபார்மில் நிற்பான். அதற்காக ஓடிப்போய்த் திரும்ப வாங்கிக்கொள்ளாதீர்கள். இதுதான் கஷ்டம், கொடுத்தபின் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதற்குக் கொடுப்பதைவிட அதிகத் தெம்பு வேண்டும். மாமியார் ஏதாவது சொல்வார். அந்தப் பேச்சையும் மகனே வாங்கிக்கொள்ளட்டும்.

எண்பது பேர் கம்பெனி என்றீர்களே, குழந்தைகள் காப்பகம் இருக்கிறதா? 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் காப்பக வசதி வேண்டும், தாய் நாளில் நாலு தடவை போய்க் குழந்தையைப் பார்த்துவரலாம் என்று 2017 மகப்பேறு பலன் சட்டத் திருத்தத்திலேயே வந்துவிட்டது. பல நிர்வாகங்கள் கேட்கும்வரை வாய் திறப்பதில்லை. நீங்கள் தனியாகப் போய்க் கேட்க வேண்டாம். சின்னக் குழந்தை உள்ளவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து எழுத்தில் கேளுங்கள்.

வேலையை விடும் யோசனையை இப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள். ரத்தம் தேறி, ஸ்கூல் குழு உங்கள் போனிலிருந்து போய் ஆறு மாதம் ஆனபிறகும் விடத் தோன்றினால் தாராளமாக விடலாம், நானே பக்கத்தில் நின்று ராஜினாமாக் கடிதத்தைத் திருத்தித் தருகிறேன். அதற்கு முன்னால் ரிப்போர்ட்டில் என்ன வந்தது என்று ஒரு வரி எழுதுங்கள்.