அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு ஆஷிங்டனுக்கு ரயில்: கேள்வி பதில்

இங்கிலாந்தின் வடகிழக்கில், நியூகாசிலிலிருந்து ரயில் பாதையில் சுமார் 29 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊர் ஆஷிங்டன். 1964 நவம்பரில் அங்கே பயணிகள் ரயில் நின்றது. 2024 டிசம்பர் 15 அன்று மறுபடி வந்தது. ரயில் பாதைக்கு அடியில் இருக்கும் மண்ணைச் சோதிப்பதுதான் என் தொழில். இந்தத் திட்டத்தில் நான் இல்லை, ஆனால் இதே வட்டாரத்தின் பழைய நிலக்கரிச் சுரங்கங்கள் மேல் பல ஆண்டுகள் வேலை பார்த்திருக்கிறேன். நீங்கள் கேட்டவற்றுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணா, ஓடிக்கொண்டிருந்த ரயிலை எதற்காக நிறுத்தினார்கள்?

அப்போது பிரிட்டிஷ் ரயில்வேயின் தலைவராக இருந்தவர் ரிச்சர்ட் பீச்சிங். நஷ்டத்தைக் குறைக்க இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்டேஷன்களை மூடச் சொல்லி 1963இல் ஓர் அறிக்கை கொடுத்தார். அந்த அலையில் ஆஷிங்டனும் அதே பாதையில் இருந்த ஊர்களும் போயின. ஆனால் இங்கே மூடியது ஸ்டேஷனை மட்டும்தான், பாதையை இல்லை. நிலக்கரி ரயில் ஓடியது. அப்புறம் லைன்மத் மின் நிலையத்துக்குச் சரக்கு போனது. வேறு எத்தனையோ ஊர்களில் தண்டவாளத்தைப் பிடுங்கி, இடத்தை விற்று, மேலே வீடு கட்டிவிட்டார்கள். அங்கெல்லாம் மறுபடி ரயில் விடுவது குதிரைக்கொம்பு.

தண்டவாளம் இருக்கிறதே, நடைமேடை கட்டினால் போதாதா? கிட்டத்தட்ட 30 கோடி பவுண்டு எங்கே போனது?

நியாயமான கேள்வி. முதலில் 16.6 கோடி என்றுதான் சொன்னார்கள்.

சரக்கு ரயில் மெதுவாகப் போகும், ஒரு நாளைக்குச் சில தடவைதான் வரும். அரை மணிக்கு ஒரு பயணிகள் ரயில் என்றால் கதையே வேறு. வழியில் ரயில்வே கேட்டுகள் நிறைய. ஒவ்வொரு ரயிலுக்கும் இரண்டு பக்கமும் கார் வரிசை நிற்கும். அதனால் நியூஷமில் கேட்டை எடுத்துவிட்டு மேம்பாலம் கட்டினார்கள். சில இடங்களில் நடந்து போகிறவர்களுக்குச் சுரங்கப்பாதை. அதற்கு மேல் சிக்னல் வேலை, தண்டவாளத்தைப் புதுப்பிக்கும் வேலை. நடைமேடைக்கும் கறாரான கணக்கு உண்டு: தண்டவாளத்தின் மேல்மட்டத்திலிருந்து உயரம் 915 மில்லிமீட்டர், தண்டவாளத்தின் உள்விளிம்பிலிருந்து தள்ளி 730 மில்லிமீட்டர். கொஞ்சம் நெருங்கினால் வண்டி உரசும், தள்ளிப்போனால் குழந்தையின் கால் இடுக்கில் போகும்.

இதெல்லாம் மேலே தெரிகிற செலவு. எனக்குத் தெரிந்த செலவு கீழே இருக்கிறது. இந்த வட்டாரம் முழுவதும் நிலக்கரி எடுத்த பூமி. பழைய சுரங்க வரைபடங்கள் உண்டு, ஆனால் மிகப் பழைய, ஆழமில்லாத குடைவுகள் பலவற்றுக்கு வரைபடமே கிடையாது. துளை போட்டுத்தான் பார்க்க வேண்டும். பாறையில் துளைக்கருவி முனகிக்கொண்டே மெதுவாக இறங்கும். திடீரென்று சத்தம் நிற்கும், கம்பி அரை மீட்டர், ஒரு மீட்டர் தானாக விழும். துளையிலிருந்து மேலே வந்துகொண்டிருந்த தண்ணீரும் நின்றுபோகும். அந்த நொடியில் யாரும் பேசமாட்டோம். கீழே வெற்றிடம் இருக்கிறது என்று அர்த்தம். சிமென்ட்டும் சாம்பலும் கலந்த குழம்பை உள்ளே செலுத்தி நிரப்ப வேண்டும். எத்தனை லாரி குழம்பு பிடிக்கும் என்பது நிரப்பி முடிக்கும்வரை யாருக்கும் தெரியாது. இதற்கு முன்கூட்டியே சரியான மதிப்பீடு போட்டதாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எல்லா ஸ்டேஷனையும் ஒரே நாளில் ஏன் திறக்கவில்லை?

வேலை முடியவில்லை, அவ்வளவுதான். முதல் நாளில் ஆஷிங்டனும் சீட்டன் டெலவலும் மட்டும். நியூஷம் 2025 மார்ச்சில், பிளைத் பெப்சைட் அக்டோபரில். பெட்லிங்டனும் நார்தம்பர்லாண்ட் பார்க்கும் அதற்கும் பிறகு. எல்லாம் முடியட்டும் என்று காத்திருக்காதது நல்ல முடிவு என்பேன்.

சீட்டன் டெலவலில் வீடு பார்க்கிறோம் சார். ரயிலை நம்பி வாங்கலாமா?

நியூகாசிலுக்கு இருபது நிமிடச் சொச்சம், ஆஷிங்டனிலிருந்து என்றால் சுமார் 35 நிமிடம். திறந்தபோது ஒரு வழிக் கட்டணம் 3 பவுண்டைத் தாண்டவில்லை. பகலில் அரை மணிக்கு ஒன்று, மாலைக்கு மேலும் ஞாயிறும் மணிக்கு ஒன்று. ஆனால் ஓடுவது இரண்டு பெட்டி டீசல் வண்டி. காலை எட்டு மணிக்கு ஒருமுறை நீங்களே ஏறிப் பாருங்கள். இரவு வேலை உள்ளவர் வீட்டில் இருந்தால் கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

வீடுகள் முதலிலா, ஸ்டேஷன் முதலிலா?

ஸ்காட்லாந்தில் 1969இல் மூடிய பாதையின் ஒரு பகுதியை 2015 செப்டம்பரில் எடின்பரோவிலிருந்து ட்வீட்பேங்க் வரை திறந்தார்கள். ட்வீட்பேங்கில் எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு கூட்டம். அதே பாதையில் ஷாஃபேர் ஸ்டேஷன் முதல் சில ஆண்டுகள் வெறிச்சோடிக் கிடந்தது. காரணம், அதைச் சுற்றி வரவேண்டிய வீடுகளை அப்போது கட்டியிருக்கவில்லை. சிலர் அதைத் தோல்வி என்றார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வீடு வந்தபின் ஸ்டேஷன் என்றால், குடிவந்தவர் அதற்குள் இரண்டு கார் வாங்கியிருப்பார். அந்தப் பழக்கத்தை மாற்றுவது சுரங்கத்தை நிரப்புவதைவிடக் கடினம்.

அண்ணை, எங்கட யாழ்ப்பாண ஸ்டேஷனும் இப்படித்தானே?

இல்லை தம்பி, அது இதைவிடக் கடினமான வேலை. 1990இல் ரயில் நின்றது. போர்க்காலத்தில் தண்டவாளமும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போயின. ஓமந்தைக்கு வடக்கே கண்ணிவெடி அகற்றி, இந்தியக் கடனுதவியில் இர்கான் நிறுவனம் பாதையைப் புதிதாகப் போட்டது. 2014 அக்டோபர் 13 அன்று யாழ்ப்பாணத்துக்கும் 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் ரயில் திரும்பியது. இங்கே இருந்த தண்டவாளம் அங்கே இல்லை, ஆனால் பாதை போகும் நிலம் இருந்தது.

எங்கள் ஊரிலும் மூடிய ஸ்டேஷன் ஒன்று இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

முதலில் நிலத்தைப் பாருங்கள். பாதை போகும் பட்டையில் யாராவது கட்டடம் கட்ட அனுமதி கேட்டிருக்கிறார்களா என்று கவுன்சிலில் விசாரியுங்கள். கேட்டிருந்தால் உடனே எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள். மற்றது எல்லாம் அப்புறம். பணம் கிடைப்பது சுலபமில்லை: மூடிய பாதைகளைத் திறக்க 2020இல் அறிவித்த 50 கோடி பவுண்டு திட்டத்தை 2024 ஜூலையில் புதிய அரசு நிறுத்திவிட்டது. ஆஷிங்டனுக்காக உள்ளூர்ப் பயணிகள் குழு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் விடாமல் கேட்டது. உங்கள் பாதையின் பழைய வரைபடம் கிடைத்தால் இங்கே போடுங்கள், கீழே என்ன இருக்கிறது என்று சேர்ந்து பார்ப்போம்.