மஞ்சள் விழும்போது பின்னால் பஸ் ஹோர்ன் அடித்தால்

லைசன்ஸ் எடுத்த கையோடு கொழும்பு வெள்ளவத்தையில் ஓடுகிறீர்கள், சிக்னல் லைட்டில் மஞ்சள் விழுந்ததும் நிறுத்தினால் பின்னால் பஸ்காரர் ஹோர்ன் அடிக்கிறார், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நிறுத்தியது சரிதான். மஞ்சள் என்றால் நில். நிறுத்தக் கோட்டுக்கு மிகக் கிட்ட வந்துவிட்டு, திடீர் பிரேக் போட்டால் ஆபத்து என்ற நிலையில் மட்டும் போகலாம்.

நிற்பதா போவதா என்ற முடிவை, சந்திக்கு வர முன்னமே எடுத்துவிடுங்கள். 50 கிலோமீட்டர் வேகத்தில் வாகனம் ஒரு செக்கனில் ஏறக்குறைய 14 மீட்டர் போய்விடும். அதனால் தூரத்தில் பச்சை தெரிந்தாலும் அக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், பின்கண்ணாடியைப் பாருங்கள். பஸ் ஒட்டி வந்தால் பிரேக்கை முன்கூட்டியே மெதுவாகத் தொடுங்கள். பிரேக் லைட்டைப் பார்த்து அவரும் வேகத்தைக் குறைப்பார். ஹோர்னுக்குப் பயந்து சிவப்பில் மட்டும் பாயாதீர்கள்.

பச்சை விழுந்ததும் உடனே இழுக்க வேண்டாம். வலது, இடது, திரும்ப வலது பாருங்கள்; சிவப்பில் கடைசியாகப் பாய்ந்து வரும் ஓட்டோ ஒன்று அநேகமாக இருக்கும். இடப்பக்கம் திரும்புவதென்றால் இடது கண்ணாடியைக் கட்டாயம் பாருங்கள், அந்த இடுக்கில்தான் மோட்டார் சைக்கிள் நுழையும்.

பொலிஸ்காரர் நின்றால் லைட்டை விடுங்கள், அவர் கைதான் சட்டம். ஒழுங்கையிலிருந்து பிரதான ரோடான காலி வீதிக்கு (Galle Road) ஏறும் இடத்தில் நிறுத்தற் பலகை இருந்தால், ரோடு வெறுமையாக இருந்தாலும் சில்லு முழுதாக நிற்க வேண்டும். நிறுத்திய பஸ் பார்வையை மறைத்தால் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே எடுங்கள்.