வீட்டுக்கும் சிறிய கடைக்கும் சேர்த்து எந்த இங்க் டேங்க் பிரிண்டர் வாங்கலாம்?

திருவாரூர் பக்கத்தில் ஒரு கிராமம், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், வாசல் அறையில் தம்பி போடப்போகும் ஜெராக்ஸ் கடை, எல்லாவற்றுக்கும் ஒரே பிரிண்டர் போதுமா, எந்த கம்பெனி நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். கம்பெனியைக் கடைசியில் சொல்கிறேன். திருத்துறைப்பூண்டியில் பதின்மூன்று வருடமாக இதே ஜெராக்ஸ் தொழில்தான் எனக்கு. பிரிண்டர் வாங்க யோசனை கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, வருடத்தில் எத்தனை நாள் அது சும்மா கிடக்கும் என்பதைத்தான்.

காரணம் இருக்கிறது. இங்க் டேங்க், அதாவது பாட்டிலிலிருந்து மையை ஊற்றி நிரப்பும் பிரிண்டர், ஓடித் தேய்வதைவிட ஓடாமல் கெடுவதுதான் அதிகம். மை வெளியே வரும் ஹெட்டில் தலைமுடியைவிட மெல்லிய துளைகள் நூற்றுக்கணக்கில் உண்டு. மையில் பெரும்பகுதி தண்ணீர். இரண்டு மூன்று வாரம் அச்சிடாமல் விட்டால் அந்தத் தண்ணீர் வற்றி, துளையின் வாயிலேயே மை காய்ந்துவிடுகிறது. தண்ணீர் விடாத வாய்க்கால் தூர்ந்து போவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

எனக்கு இது புரிந்தது 2018 நவம்பர் 16 விடியற்காலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயலுக்குப் பிறகு. மின்கம்பங்கள் வயலில் படுத்துக் கிடந்தன. எங்கள் தெருவுக்கு மின்சாரம் வர மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. கடைக்கூரையை நினைத்தேன், தென்னையை நினைத்தேன்; பிரிண்டரை நினைக்கவில்லை. மின்சாரம் வந்த அன்று நிவாரண விண்ணப்பத்துக்கு ஆதார் நகல், பாஸ்புத்தக நகல் என்று வாசலில் கூட்டம். பிரிண்டரைப் போட்டால் கருப்பில் பாதி வரிகள் இல்லை. அடுத்தடுத்து ஐந்து முறை ஹெட் கிளீனிங் கொடுத்தேன். அதுதான் நான் செய்த இரண்டாவது தவறு. ஒவ்வொரு கிளீனிங்கும் டேங்கிலிருந்து மையை உறிஞ்சி அடியிலுள்ள பஞ்சில் கொட்டுகிறது. கருப்பு மை கண்ணெதிரே இறங்கியது, எழுத்து திருந்தவில்லை. அலுத்துப்போய் அப்படியே விட்டுவிட்டு மறுநாள் காலையில் ஒருமுறை கொடுத்தேன். ஊறி இளகியிருந்தது போலும், ஒரே ஒரு கோடு தவிர எல்லாம் வந்துவிட்டது. அந்தக் கோட்டுடனேயே அடுத்த இரண்டு வருடம் ஓட்டினேன்.

ஆகவே முதல் விதி: வாரம் ஒரு முறையாவது நான்கு நிறமும் வரும்படி ஒரு பக்கம் அச்சிடுங்கள். மெனுவில் நாசில் செக் (ஹெட்டின் துளைகளைச் சோதிக்கும் பக்கம்) என்று இருப்பதைக் கொடுத்தாலே போதும். இரண்டாவது, பிளக்கில் இருக்கும் சுவிட்சைத் தட்டி அணைக்காதீர்கள். பிரிண்டரின் சொந்தப் பொத்தானை அழுத்தினால்தான் ஹெட் ஓரமாகப் போய் ரப்பர் மூடியின்மேல் உட்காரும். நடுவில் மின்சாரம் போனால் ஹெட் நின்ற இடத்திலேயே வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. நம் ஊர் மின்வெட்டில் இது தினசரிக் கதை என்பதால், சிறிய யுபிஎஸ் ஒன்றையும் பிரிண்டர் விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

கழிவு மையை உறிஞ்சும் பஞ்சு நிறைந்ததும் பிரிண்டர் ஒரு நாள் திடீரென்று அச்சிட மறுக்கும். சில மாடல்களில் அது தனிப் பெட்டியாக இருக்கிறது. நாமே கழற்றி மாற்றலாம். மற்றவற்றில் மெக்கானிக் வந்துதான் தீர வேண்டும். வாங்கும்போது கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

அடுத்தது கருப்பு மை. நிறைய பேர் கோட்டை விடும் இடம் இதுதான். டை, பிக்மென்ட் என்று மையில் இரண்டு வகை. டை என்பது தண்ணீரில் கரைந்த சாயம். பிக்மென்ட் என்பது கரையாத நுண்துகள். அது தாளின் மேலேயே ஒட்டிக்கொள்கிறது. ஒரு தை மாதம், எங்கள் ஊரைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் என்னிடம் சிட்டா எடுத்துக்கொண்டு நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போனார். காகிதம் வேட்டி மடிப்பில். வழியில் தூறல். அங்கே பிரித்தபோது சர்வே எண் இருந்த இடத்தில் ஊதா நிறத்தில் ஒரு குளம். "என்ன தம்பி, நீ அச்சடிச்சது நெல்லைவிட ஈரமா இருக்கே" என்று திரும்பி வந்து நின்றார். பதில் சொல்ல வாய் வரவில்லை. புதிதாக எடுத்துக் கொடுத்துக் காசு வாங்காமல் அனுப்பினேன். அன்று கடையில் இருந்தது டை கருப்பு. அதற்குப் பிறகு நான் வாங்கியது எல்லாமே பிக்மென்ட் கருப்புதான். சிட்டா, அடங்கல், பயிர்க் காப்பீட்டு ரசீது எல்லாம் மழைக்காலத்தில் சட்டைப்பையிலும் பிளாஸ்டிக் பையிலும் பயணம் செய்கிற காகிதங்கள். வண்ண மை டையாக இருந்தால் பரவாயில்லை, பளபளப்பான போட்டோத் தாளில் அதுதான் அழகாக வரும். பிள்ளைகளின் புராஜெக்ட் வேலைக்கும் அது நல்லதுதான்.

மை விலையைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். 65 மில்லி எப்சன் 003 கருப்பு பாட்டிலுக்கு 4,500 பக்கம் என்கிறார்கள். 135 மில்லி கேனான் கருப்புக்கு 6,000. எழுத்து கொஞ்சமாக உள்ள சோதனைப் பக்கங்களை வைத்துச் சொல்லும் கணக்கு அது. பக்கம் நிறையப் படம் போட்டால் அந்த எண்ணைக் கிட்டேகூடப் பார்க்க முடியாது. முதல் முறை ஊற்றும் மையில் ஒரு பங்கு குழாய்களை நிரப்பவே போய்விடும், அதைக் கண்டு பதறவும் வேண்டாம். எப்படிப் பார்த்தாலும் சாதாரணக் கருப்புப் பக்கத்துக்கு மைச்செலவு பத்து பைசாவை ஒட்டித்தான் வரும். தாளின் விலை அதைப்போல் பல மடங்கு. பாட்டிலில் ஐம்பது ரூபாய் மிச்சம் பிடிக்க ஊர் பேர் தெரியாத மையை ஊற்றி ஹெட்டை அடைத்துக்கொண்டவர்கள் மாதம் ஒருவராவது என் கடைக்கு வருகிறார்கள்.

இனி உங்கள் தம்பியின் கடை. இங்கே கொஞ்சம் கறாராகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஜெராக்ஸ் கடைக்கு இங்க் டேங்க் மட்டும் போதாது. நவம்பரில் சம்பா காப்பீட்டுக்குக் கெடு நெருங்கும்போதும், அறுவடையில் கொள்முதல் நிலையம் திறக்கும்போதும் ஒரே காலையில் முப்பது பேர் நிற்பார்கள். ஆளுக்கு நான்கு நகல். இங்க் டேங்க் ஒவ்வொரு தாளையும் கோடு கோடாக நெய்துகொண்டிருக்கும். வரிசையில் நிற்பவர் அடுத்த கடைக்கு நடந்துவிடுவார். நகலுக்குக் கருப்பு வெள்ளை லேசர் பிரிண்டர்தான் சரி. அதில் மைக்குப் பதிலாக இருக்கும் டோனர் தூள் சூட்டில் உருகித் தாளில் பிடிப்பதால் ஈரத்துக்கும் அசையாது, மாதக்கணக்கில் சும்மா கிடந்தாலும் காய்ந்து போக அதில் எதுவும் இல்லை.

ஆனால் லேசருக்கு ஒரு பலவீனம். சூடேறும் நொடியில் அது இழுக்கிற மின்சாரத்தில் வீட்டு இன்வெர்ட்டர் அலறும். இங்க் டேங்க் அச்சிடும்போது சிறிய எல்இடி பல்பு அளவுக்குத்தான் இழுக்கிறது. மின்சாரம் போன மதியங்களில் பக்கத்துக் கடைகள் இருட்டில் உட்கார்ந்திருக்க, என் கடை ஓடியது இங்க் டேங்கால்தான். ஆகவே இப்போது இங்க் டேங்கில் தொடங்குங்கள். ஆறு மாதத்தில் கூட்டம் வந்தால் ஒரு லேசரைச் சேருங்கள். இரண்டையும் முதல் நாளே வாங்க வேண்டாம்.

தாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் பின்பக்கத் தட்டில் அடுக்கி வைத்த தாள் ஈரம் குடித்துச் சுருண்டு, இரண்டு இரண்டாக உள்ளே போகும். இரவில் எடுத்து உறைக்குள் வைத்துவிடுங்கள். நான் வாங்குவது கரூர் காகிதபுரத்து டிஎன்பிஎல் தாள். கரும்புச் சக்கையில் செய்வது, நம் காவிரிக் கரையிலேயே செய்வது என்ற பாசமும் கொஞ்சம் உண்டு. பின்பக்கத் தட்டை ஒரு துணியால் மூடிவையுங்கள். பல்லி விழுந்தால் எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும், அனுபவம்.

சரி, கம்பெனி. எப்சனிலும் பிரதரிலும் ஹெட் பிரிண்டரோடு சேர்ந்தே வருகிறது. மையைச் சூடாக்காமல் அழுத்தித் தள்ளும் முறை என்பதால் தினமும் ஓட்டினால் வெகுகாலம் உழைக்கும்; அடைத்துக்கொண்டால் செலவு பெரியது. எச்பி ஸ்மார்ட் டேங்கிலும், கேனானின் ஜி வரிசையில் விலை குறைந்த மாடல்களிலும் மையைச் சூடாக்கிக் குமிழியால் தள்ளுகிறார்கள்; ஹெட்டை நாமே கழற்றிப் புதிது போடலாம். இந்த இரண்டிலும் கருப்பு பிக்மென்ட். எப்சனில் மாடலுக்கு மாடல் மாறும், பெட்டியைப் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

உங்கள் கடை இன்னும் திறக்கவில்லை, கோடை விடுமுறையில் பிள்ளைகளும் அச்சிடமாட்டார்கள் என்பதால், ஹெட் கழற்ற முடிகிற எச்பி அல்லது கேனான் மாடலாக, வைஃபை உள்ளதாக எடுங்கள். விவசாயிகள் இப்போது ஆவணத்தை வாட்ஸ்அப்பில்தான் அனுப்புகிறார்கள். ஸ்கேனர் பெரும்பாலும் கூடவே வரும். வாரண்டி பெரும்பாலும் ஓர் ஆண்டு அல்லது குறிப்பிட்ட பக்கங்கள், எது முந்துகிறதோ அது என்றிருக்கும். பக்க எண்ணிக்கையைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பழுது என்றால் ஆள் எந்த ஊரிலிருந்து வருவார், திருவாரூரா தஞ்சாவூரா திருச்சியா என்பதையும் பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.