குட்டி வேகக் காருக்கு எந்த ஸ்டெப்னி? வந்த கேள்விகளும் என் பதில்களும்

ஹாட் ஹேட்ச் என்று செல்லமாகச் சொல்கிற குட்டி வேகக் கார்கள் பலவற்றில் டிக்கியின் அடித்தட்டைத் தூக்கினால், ஸ்டெப்னி இருக்க வேண்டிய குழியில் ஒரு பாட்டில் பசையும் சோப்பு டப்பா மாதிரி ஒரு கம்ப்ரஸரும்தான் இருக்கும். என் காருக்கு ஸ்டெப்னி தேடி அலைந்த கதையைச் சொன்னதிலிருந்து கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி கேட்டவற்றைச் சேர்த்துவிட்டுப் பதில் சொல்கிறேன். நான் மெக்கானிக் இல்லை. நாலு கார் மாற்றி, நாலுக்கும் ஸ்டெப்னி தேடியவன், அவ்வளவுதான்.

அண்ணா, என்னுடையது 2012 ஸ்விஃப்ட் ஸ்போர்ட். ஸ்டெப்னி வரவில்லை. சாதா ஸ்விஃப்டின் ஸ்டெப்னி ஒன்று பழையதாகக் கிடைக்கிறது, வாங்கிப் போடலாமா?

வாங்குவதற்கு முன் துளைகளை எண்ணிப் பாருங்கள். உங்கள் காரில் ஐந்து, 114.3 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில். சாதா ஸ்விஃப்டுகள் பலவற்றில் நான்கு, 100 மி.மீ. வட்டத்தில். பெயர் ஒன்று என்பதால் வீலும் ஒன்றாக இருக்கும் என்று நினைத்துத்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். துளை ஐந்தே இருந்தாலும் நடுத்துளையையும் பார்க்க வேண்டும். உங்கள் ஹப்புக்கு (வீல் மாட்டுகிற நடுக்குடம்) 60.1 மி.மீ. வேண்டும், 54.1 உள்ள ரிம் ஹப்பின் மேல் ஏறவே ஏறாது. பெரியதாக இருந்தால் இடைவெளியை அடைக்க வளையம் கிடைக்கும், சிறியதாக இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. கடைந்து பெரிதாக்கலாம் என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

துளை, வட்டம், நடுத்துளை மூன்றும் பொருந்தினால் போதும்தானே?

போதாது. அது பாதிக் கிணறுதான்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். என் காரின் சாதா மாடலில் வருகிற 15 அங்குல ஸ்டெப்னி ஒன்று கிடைத்தது. நாலு துளையும் பொருந்தியது, நடுத்துளையும் அச்சாகப் பொருந்தியது. டிக்கியில் போட்டுவிட்டு ஒரு வருடம் நிம்மதியாக ஓட்டினேன். அப்புறம் ஒரு ராத்திரி, மழையில், முன் இடது டயர் போனது. ஜாக்கி போட்டு, வீலைக் கழற்றி, ஸ்டெப்னியை ஹப்பில் ஏற்றினால் ஒரு விரல் அகலம் வெளியிலேயே நிற்கிறது. தட்டிப் பார்த்தேன், திருப்பிப் பார்த்தேன். போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தால் பிரேக் காலிப்பரின் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற பாகம்) முதுகு ரிம்மின் உட்பக்கத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது. நட்டை இறுக்கினால் உட்கார்ந்துவிடும் என்று கூட ஒரு நிமிடம் தோன்றியது. இறுக்கியிருந்தால் ரிம் காலிப்பரைக் கவ்விக்கொண்டு சக்கரமே சுற்றியிருக்காது.

வேகக் கார் என்றால் முன் டிஸ்க் பெரிதாக இருக்கும், காலிப்பரும் பெரிதாக இருக்கும். இதில் இரண்டு இடம் முட்டும். ரிம்மின் உள்வட்டம் காலிப்பரின் முதுகில் முட்டலாம், ரிம்மின் முகத்தட்டு காலிப்பரின் வெளிமுகத்தில் முட்டலாம். முதலாவதற்கு ரிம்மின் அங்குலம் காரணம், இரண்டாவதற்கு ஆஃப்செட்டும் (ஹப்பில் உட்காருகிற முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது) முகத்தட்டின் வளைவும். ஒரே அளவு போட்ட இரண்டு 16 அங்குல ரிம்களில் ஒன்று போகும், இன்னொன்று போகாது. ஆகவே எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்க முடியாது, மாட்டித்தான் பார்க்க வேண்டும்.

மாட்டிப் பார்க்க ஒரு வழி: குழந்தைகள் விளையாடுகிற களிமண்ணைச் சுண்டைக்காய் அளவு உருட்டி, காலிப்பரின் முதுகில் இரண்டு இடத்திலும் வெளிமுகத்தில் இரண்டு இடத்திலும் ஒட்டுங்கள். ஸ்டெப்னியை மாட்டி நட்டுகளைக் கையால் இறுக்குங்கள். சக்கரத்தை மெதுவாக ஒரு முழுச்சுற்று சுற்றிவிட்டுக் கழற்றுங்கள். களிமண் நசுங்கி மிஞ்சிய கனம்தான் உங்களுக்கு இருக்கிற இடைவெளி. பிளேடால் வெட்டி ஸ்கேல் வைத்துப் பாருங்கள். நான் 3 மி.மீ.க்குக் குறைந்தால் ஒத்துக்கொள்வதில்லை. பிரேக் சூடானால் விரியும், ரிம்மும் கொஞ்சம் வளைந்து கொடுக்கும்.

சார், என் டயர் 205/45 ஆர்17. டி125/70 ஆர்16 ஒன்றும் டி125/80 ஆர்16 ஒன்றும் இருக்கிறது. இரண்டும் 16 தானே, எதை எடுத்தால் என்ன?

கணக்குப் போட்டுவிடுவோம். டயரின் அகலத்தை (205) உயர விகிதத்தால் (45 சதவீதம்) பெருக்கினால் பக்கச்சுவரின் உயரம். அதை இரண்டால் பெருக்கி, ரிம்மின் அங்குலத்தை (17) 25.4 ஆல் பெருக்கிச் சேர்த்தால் மொத்த விட்டம். உங்கள் டயர் ஏறக்குறைய 616 மி.மீ. முதல் ஸ்டெப்னி 581, இரண்டாவது 606. முதலாவது 5.7 சதவீதம் குறைவு, இரண்டாவது 1.6 தான் குறைவு.

5.7 சதவீதம் கேட்க ஒன்றும் பெரிதாக இல்லை. ஆனால் ஒரு கிலோமீட்டருக்கு உங்கள் டயர் 517 சுற்று சுற்றினால் அது 548 சுற்று சுற்றும். கிலோமீட்டருக்கு 31 சுற்று வித்தியாசத்தை இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் இருந்து இழுவையைப் பிரித்துக் கொடுக்கிற டிஃபரன்ஷியல்தான் தாங்க வேண்டும். சுற்றுகளை எண்ணிக்கொண்டிருக்கிற ஏபிஎஸ்ஸும் குழம்பி விளக்கைப் போடலாம். டி125/80 ஐ எடுங்கள். 3 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பார்ப்பது என் பழக்கம்.

இதில் 'டி' என்பது தற்காலிக டயர் என்பதற்கான குறி. பக்கத்தில் காற்றழுத்தம் 60 பிஎஸ்ஐ என்று போட்டிருக்கும். சாதா டயருக்கு அடிக்கிற 33 ஐ அடித்துவிட்டு ஓட்டாதீர்கள்.

முன் சக்கரம்தான் இழுக்கிறது, எல்எஸ்டியும் இருக்கிறது. முன் டயர் பஞ்சரானால் ஸ்டெப்னியை முன்னால் மாட்டலாமா?

மாட்டாதீர்கள். சாதா டிஃபரன்ஷியல் இரண்டு பக்கமும் வேறு வேறு வேகத்தில் சுற்றுவதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாது. எல்எஸ்டி, அதாவது ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுற்றுவதைக் கட்டுப்படுத்துகிற டிஃபரன்ஷியல்; அதன் வேலையே அந்த வித்தியாசத்தைத் தடுப்பது. நேர்ரோட்டில்கூட அது விடாமல் மல்லுக்கட்டிக்கொண்டே வரும், சூடாகும், தேயும்.

ஸ்டெப்னியைப் பின்னால் போட்டு, பின்னால் இருந்த நல்ல வீலை முன்னால் கொண்டுவாருங்கள். முதலில் பஞ்சரான அதே பக்கத்தில் பின்பக்கம் ஜாக்கி, நல்ல வீலைக் கழற்றி ஸ்டெப்னி. இறக்கிவிட்டு, முன்பக்கம் ஜாக்கி, பஞ்சர் வீலைக் கழற்றி நல்ல வீல். அதே பக்கம் என்பதால் சுற்றும் திசை அம்பு போட்ட டயரானாலும் சரியாகவே இருக்கும். பின்னால் தூக்கும்போது ஹேண்ட்பிரேக் உதவாது, அது பின் சக்கரத்தில்தானே பிடிக்கிறது! கியரில் போட்டு, முன் சக்கரத்துக்குக் கல் அண்டை கொடுத்துவிட்டுத் தூக்குங்கள்.

இரண்டு தடவை ஜாக்கி போடுவது எரிச்சல்தான், ஆனால் இதில் ஒரே கல்லில் இரண்டு மாங்காய். பின் பிரேக் பெரும்பாலும் சிறியது, அதனால் முன்னால் காலிப்பரில் முட்டுகிற ஸ்டெப்னி பின்னால் சுலபமாகப் போகும். எனக்கு அன்று ராத்திரி இந்த யோசனை வந்தது அரைமணி நேரம் நனைந்த பிறகுதான். ஸ்டெப்னி வாங்கும்போதே 'இது எந்தப் பக்கம் போகப்போகிறது' என்று முடிவுசெய்துவிட்டால் தேடல் பாதியாகக் குறைந்துவிடும். பின்பக்கத்துக்கு மட்டும் என்று முடிவு செய்து வாங்குவதில் தப்பே இல்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை. ஒல்லி டயர் பின்னால் இருக்கும்போது ஈர வளைவில் சட்டென்று ஆக்சிலரேட்டரை விட்டால் வால் வெளியே போகும். அன்று மட்டும் கிழவர் மாதிரி ஓட்டுங்கள்.

என்னுடையது ஜிஆர் யாரிஸ். நாலு சக்கரமும் இழுக்கிறதே, நான் எங்கே மாட்டுவது?

உங்களுக்கு ஒளிய இடமே இல்லை. முன்னால் போட்டாலும் பின்னால் போட்டாலும் விட்டம் குறைந்தால் நடுவில் இருக்கிற கிளட்ச் தட்டுகள் உராய்ந்துகொண்டே இருக்கும். உங்கள் 225/40 ஆர்18 இன் விட்டம் 637 மி.மீ. டி145/70 ஆர்17 போட்டால் 635, கிட்டத்தட்ட அதேதான். ஆனால் முன் டிஸ்க்கே 356 மி.மீ., அதன் மேல் நாலு பிஸ்டன் காலிப்பர் வேறு. 17 அங்குல ரிம் எல்லாம் அதைத் தாண்டிவிடும் என்று நம்ப வேண்டாம், களிமண் சோதனை கட்டாயம். என்னைக் கேட்டால், டிக்கியில் இடத்தைத் தியாகம் செய்து காரின் சொந்த வீலையே ஐந்தாவதாக வாங்கி வைப்பேன்.

போலோ ஜிடிஐ. அலாயில் இருக்கிற போல்ட்டையே இரும்பு ஸ்டெப்னிக்கும் போடலாமா?

இரண்டு விஷயம் பாருங்கள். முதலாவது, போல்ட் ரிம்மில் உட்காருகிற இடத்தின் வடிவம். ஃபோக்ஸ்வாகனில் அது உருண்டை. வெளியில் வாங்குகிற ரிம்கள் பலவற்றில் கூம்பு. கூம்புக் குழியில் உருண்டை போல்ட்டைப் போட்டால் இறுகின மாதிரி இருக்கும், ஆனால் ஒரு கோட்டில்தான் தொட்டுக்கொண்டிருக்கும், ஓட ஓடத் தளரும்.

இரண்டாவது, நீளம். அலாய் கனமானது, இரும்பு ரிம் மெல்லியது. அலாய்க்கு நீள போல்ட் போட்டிருந்தால் மெல்லிய ரிம்மில் அது ஹப்பைத் தாண்டிப் பின்பக்கம் நீட்டிக்கொண்டு உள்ளே எதையாவது உரசும். குட்டையாக இருந்தால் மரை போதாது. கையால் திருகும்போது சுற்றுகளை எண்ணுங்கள். 1.5 மி.மீ. மரையில் எட்டு சுற்றுக்குக் குறையாமல் ஏற வேண்டும். தனி போல்ட் தேவைப்பட்டால் ஒரு பையில் போட்டு ஸ்டெப்னியிலேயே கட்டிவிடுங்கள்.

அபார்த் 595. என்னுடையது 4×98 (நாலு துளை, 98 மி.மீ. வட்டம்). 4×100 ரிம் சும்மா கிடைக்கிறது. 2 மி.மீ. தானே ப்ரோ?

அந்த 2 மி.மீ. தான் ஆபத்தே. 10 மி.மீ. வித்தியாசம் இருந்தால் போல்ட் நுழையாது, நீங்களே விட்டுவிடுவீர்கள். இது நுழையும், இறுகவும் செய்யும். ஆனால் ஒவ்வொரு போல்ட்டும் குழியின் ஒரு பக்கச் சரிவில் ஏறி உட்கார்ந்திருக்கும். சும்மா கிடைத்தாலும் வேண்டாம்.

பழைய மினி கூப்பர் எஸ், ஆர்53. டிக்கிக்கு அடியில் பேட்டரிதான் இருக்கிறது. ஸ்டெப்னியை எங்கே வைப்பது?

குழி இல்லாத காரில் இரண்டே வழி. ரன்ஃப்ளாட் டயரோடு இருந்துவிடலாம். காற்றே இல்லாமல் 80 கி.மீ. வேகத்தில் ஏறக்குறைய 80 கி.மீ. தூரம் போகலாம், சவாரி கட்டை வண்டி மாதிரிதான். இல்லையென்றால் நீண்ட பயணத்துக்கு மட்டும் ஒல்லி ஸ்டெப்னியை டிக்கியில் போட்டு, அங்கே இருக்கிற கொக்கிகளில் பட்டை போட்டு இறுக்கிக் கட்டுங்கள். பத்து கிலோவுக்கு மேல் இருக்கிற இரும்பு, சடன் பிரேக் அடித்தால் முன்னால் பறந்து வரும். வெறுமனே சாய்த்து வைக்காதீர்கள்.

குழி உள்ளவர்களும் ஒன்று யோசிக்க வேண்டும். ஒல்லி ஸ்டெப்னியை வெளியே எடுத்த குழியில் கழற்றிய 17 அங்குல வீல் போகாது. சேறும் தண்ணீருமாக அது பின்சீட்டில்தான் வரும். ஒரு பழைய போர்வையையும் போட்டு வையுங்கள்.

பசை பாட்டில் இருக்கும்போது இத்தனை பாடு எதற்கு?

ஆணி தரையில் படுகிற பகுதியில் குத்தினால் பசையே போதும். நம் கார்களின் டயருக்குப் பக்கச்சுவர் குட்டை, ரோட்டுக் குழியில் விழுந்தால் ரிம்முக்கும் குழியின் விளிம்புக்கும் நடுவில் மாட்டிக் கிழியும். கிழிசலுக்குப் பசை உதவாது. பாட்டிலுக்குக் காலாவதி தேதியும் உண்டு, திருப்பிப் பாருங்கள்.

ஓடாத பழைய ஸ்டெப்னி, புதுசு மாதிரியே இருக்கிறது. வாங்கலாமா?

பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2314 என்றால் 2014 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரம் செய்தது. பத்து வருடம் தாண்டியிருந்தால் ரிம்மை மட்டும் எடுத்துக்கொண்டு புது டயர் போடுங்கள். ரப்பர் ஓடாமலும் கெடும்.

ஸ்டெப்னி என்ற பெயர் எப்படி வந்தது?

வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்ற ஊரில் ஸ்டெப்னி தெரு. 1904 இல் அங்கே டேவிஸ் சகோதரர்கள் செய்து விற்ற உபரிச் சக்கரத்துக்கு அந்தத் தெருவின் பெயரே ஒட்டிக்கொண்டது. கம்பிகளே இல்லாத வெறும் வளையம், பஞ்சரான சக்கரத்தின் மேலேயே கவ்வி மாட்டுவார்கள். அவர்களுக்குக் காலிப்பர் தொல்லை இல்லை.

எல்லாம் வாங்கியாகிவிட்டது. வேறு என்ன பார்க்கணும்?

வீட்டு வாசலில் ஒரு முறை முழுசாக மாட்டிக் கழற்றுங்கள். காரைத் தாழ்த்தியிருந்தால், டயரில் காற்றில்லாதபோது ஜாக்கி அடியில் நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். பூட்டு நட்டு இருந்தால் அதன் சாவி எங்கே என்று இப்போதே தேடுங்கள், முந்தைய ஓனரின் அலமாரியில் இருக்கப் போகிறது. நிஜமாக மாட்டிய அன்று 50 கி.மீ. ஓடியதும் நட்டுகளை இன்னொரு தடவை இறுக்கிவிடுங்கள்.