ஜப்பானின் 201 வகை மின்ரயில் மின்சாரத்தை மிச்சப்படுத்தியும் ஏன் தொடர்ந்து கட்டப்படவில்லை?

சுருக்கமான பதில்: விலை.

முந்தைய 103 வகையில் வண்டி கிளம்பும்போது மின்தடைகள் மின்சாரத்தை வெப்பமாக வீணாக்கின. 1979இல் சோதனை வண்டியாக வந்து, 1981 முதல் டோக்கியோவின் சூவோ விரைவுப் பாதையில் ஓடிய ஆரஞ்சு நிற 201, தைரிஸ்டர் என்ற குறைக்கடத்திச் சுவிட்சால் ஆன சாப்பர் (மின்சாரத்தை வேகமாக வெட்டி வெட்டி விடும் கருவி) மூலம் 1500 வோல்ட்டைத் துண்டுதுண்டாக வெட்டி மோட்டாருக்குக் கொடுத்தது. பிரேக் போட்டால் மோட்டாரே ஜெனரேட்டராகி மின்சாரத்தைத் தலைக்கு மேல் ஓடும் மின்கம்பிக்குத் திருப்பி அனுப்பும்.

சிக்கல் இங்கேதான். தைரிஸ்டர் தானாக அணையாது. அதை அணைக்கவே தனியாகக் கெப்பாசிட்டர் (மின்தேக்கி), ரியாக்டர் (கம்பிச்சுருள்) எல்லாம் வேண்டும். பெட்டியின் அடியில் எடையும் செலவும் கூடின. ஒரு சாப்பர் இரண்டு பெட்டிகளின் 8 மோட்டார்களை இயக்கியது. பத்துப் பெட்டி வண்டியில் ஆறுதான் மோட்டார் பெட்டிகள். ஒரு சாப்பர் பழுதானால் இழுவையில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். அருகில் மின்சாரத்தை வாங்க வேறு வண்டி இல்லையென்றால் கம்பி மின்னழுத்தம் ஏறி, திருப்பி அனுப்புவது நின்றுவிடும். காற்று பிரேக்தான் வண்டியை நிறுத்த வேண்டும், பிரேக் கட்டைகளும் தேயும்.

1985இல் வந்த 205, மலிவான மின்தடை அமைப்பை வைத்துக்கொண்டே மோட்டாரின் காந்தப்புலத்தைத் தனியாகக் கட்டுப்படுத்தி மின்சாரத்தைத் திருப்பி அனுப்பியது. எஃகு உடல் கொண்ட 201க்கு எதிராக அதன் துருப்பிடிக்காத எஃகு உடல் இலகுவானது. அத்துடன் 201இன் உற்பத்தி முடிந்தது. ஆனாலும் சூவோவில் அது 2010 வரை உழைத்தது. ஒசாகா வட்டப் பாதையில் 2019 வரை. அதைத் தோல்வி என்று சொல்வது நியாயமில்லை.